பரிசு மேடை ஏறாத மேதை: டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



பரிசளிப்பு விழா மலரைப் புரட்டினால் முதற்பரிசு பெற்றவர்களின் பெயர்களும் படங்களும் பக்கம் பக்கமாக இருக்கும். பெற்றவர்களுக்கு நமது மனமார்ந்த பாராட்டுகள். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. வகுப்பில் 30 பேர் இருந்தால் மேடை ஏறுகிறவர்கள் 3 பேர்தான். மீதி 27 பேர் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த 27 பேருக்காகவும் எழுதப்பட்டது.

மெட்ரிக்குலேஷன் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவைதான் தேறிய ஒரு மாணவரின் கதை இது. அவர் கண்டுபிடித்த மருந்துகளும், அவர் தலைமையில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளும் இன்றைக்கும் உலகமெங்கும் உயிர் காத்து வருகின்றன. மலாக்கா மருத்துவமனையிலும், ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளிலும் வரிசையில் நிற்கிற நம் மக்களில் எத்தனையோ பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் தோலில் ஏதாவது திட்டோ செதிலோ கண்டுவிட்டால் போதும். உடனே பேச்சு கிளம்பிவிடும். தெய்வக் குற்றம் என்பார் ஒருவர். செய்வினை என்பார் இன்னொருவர். தொட்டால் ஒட்டிக்கும் என்று பிள்ளைகளை விலக்கி வைப்பவர்களும் உண்டு. அப்படி விலக்கப்பட்ட ஒரு பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தோல் என்பது உடம்பின் சுவர் மட்டும் இல்லை, உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் அறிவிப்புப் பலகையும் அதுதான் என்பதை இந்த விஞ்ஞானியின் வாழ்க்கை நமக்கு நன்றாக விளக்கும்.

இளமையும் தோல்வியும்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமாவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கும் அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அவர் பிறந்த மறு ஆண்டு, அதாவது 1896இல், நம்முடைய மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் வாணிப முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் நம் முன்னோர்கள் கூட்டம் கூட்டமாகப் பால்மரக் காட்டுக்கு வந்தார்கள். ஆக, சுப்பாராவின் காலமும் நம் தோட்டங்களின் காலமும் ஒன்றுதான்.

தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்தவர். உடல்நலக் குறைவால் சீக்கிரமே ஓய்வு பெற்றார். தாயார் வெங்கம்மா. 7 பிள்ளைகள் உள்ள வீடு, வருமானமோ கம்மி. பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று ஒரு நாள் வீட்டை விட்டே கிளம்பிவிட்டாராம்! தாயார் விடுவாரா? பிடித்துக்கொண்டு வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

தேர்வு வந்தது, தோல்வி. மறுபடியும் எழுதினார், மறுபடியும் தோல்வி. கடைசியில் சென்னைக்கு அனுப்பப்பட்டு, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசை அப்போது அவருக்குப் பிறந்தது. தாயார் சம்மதிக்கவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவமும் ஒரு வழிதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பண உதவி செய்தார்கள்.

அங்கேயும் சோதனை காத்திருந்தது. அது காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகச் செய்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ வேலைக்கு அதை வைத்துக்கொண்டு போக முடியவில்லை.

இரண்டு சகோதரர்களின் மரணம்

தேர்வில் தோற்றதும் பட்டம் பறிபோனதும் பெரிய துன்பமென்றால், அதைவிடப் பெரிய துன்பம் வீட்டிலேயே வந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற நோய்.

வெப்ப நாடுகளில் வருகிற குடல் நோய் அது. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சாது. ஓயாத வயிற்றுப்போக்கு. நாக்கு சிவந்து, வழுவழுப்பாகி, உப்பு உறைப்பு பட்டாலே எரியும். இரத்தம் குறைந்து தோல் வெளுக்கும். நாளாக ஆக உடம்பு எலும்பும் தோலுமாகிவிடும். சுப்பாராவுக்கும் அந்நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவத்திலும் தேர்ந்த டாக்டர் ஆசந்த லட்சுமிபதி அவருக்குச் சிகிச்சை அளித்துக் காப்பாற்றினார். பிறகு லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

தாம் பிழைத்தோம், சகோதரர்கள் பிழைக்கவில்லை. மேனாட்டு மருத்துவத்திடம் அன்று இந்த நோய்க்கு விடை கிடையாது. அந்த விடையை யாராவது தேடித்தானே ஆகவேண்டும்? அந்த யாராவது நாமாகவே இருப்போம் என்று அவர் கிளம்பிவிட்டார். அழுது ஓய்ந்த பிறகு எழுந்து நடந்தாரே, அங்கேதான் அவருடைய பெருமை தொடங்குகிறது.

கடல் கடந்தார்

மாமனார் கொடுத்த பணத்தோடும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1922 அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் இறங்கினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் கையிலே காசில்லை. எல்.எம்.எஸ். படித்தவர் அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்கவும் முடியாது. அதனால் ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவது உள்பட எல்லா வேலையும் செய்தார். பகலில் படிப்பு, இரவில் ஊழியம்.

மாணவர்களே, இதைப் படிக்கும்போது யார் நினைவு வருகிறது? விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போன நம் தாத்தா பாட்டிகளின் நினைவு வரவில்லையா? ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் அவர்களும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தார்கள். வயிற்றுக்காகச் செய்யும் எந்த வேலையும் கேவலமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், சுப்பாராவுக்கும் தெரியும்.

பட்டயப் படிப்பை முடித்தபின் ஹார்வர்டின் உயிர்வேதியியல் பிரிவில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற அதைப் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பயன்படுத்தினார்கள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாரா தைராய்டு சுரப்பிகள் சரியாக வேலை செய்கின்றனவா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பாஸ்பரஸ் அளவைக் கொண்டு டாக்டர்கள் ஊகிக்க முடியும்.

அதே முறையைத் தசையில் பயன்படுத்தியபோது 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929இல் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. ஏ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருள் அது. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். நாம் கை அசைப்பதும், இதயம் துடிப்பதும், மூளை நினைப்பதும் அந்த ஏ.டி.பி. தருகிற சக்தியால்தான். உடம்பின் கைச்செலவுக் காசு என்று அதைச் சொல்லலாம்.

துரையும் கங்காணியும்

இந்த ஏ.டி.பி.க்கும் நம் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு ஹார்மோன் என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

உடம்பில் தைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி, கணையம் போன்ற சுரப்பிகள் இருக்கின்றன. இவை மிகக் கொஞ்சமாக ஒரு சாற்றை இரத்தத்தில் விடும். அதுதான் ஹார்மோன். அது உடம்பு முழுக்கச் சுற்றி அங்கங்கே உத்தரவு போடும். பழைய தோட்டங்களில் துரை நேரே வந்து ஒவ்வொருவரிடமும் வேலை வாங்க மாட்டார். உத்தரவு வரும், கங்காணி ஆளை விட்டு வேலையை நடத்துவார். இல்லீங்களா? பல ஹார்மோன்களும் அப்படித்தான். உயிரணுவுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று உத்தரவைக் கொடுக்கும். உள்ளே வேலையை நடத்தும் கங்காணிக்கு சைக்ளிக் ஏ.எம்.பி. என்று பெயர். அந்தக் கங்காணி எதிலிருந்து உண்டாகிறார் தெரியுமா? சுப்பாராவ் கண்ட அதே ஏ.டி.பி.யிலிருந்துதான்! இதை விளக்கிய ஏர்ல் சதர்லண்ட் என்ற அமெரிக்கருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உத்தரவு கூடினாலும் குறைந்தாலும் முதலில் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் தோல்தான். தைராய்டு குறைந்தால் தோல் வறண்டு சொரசொரப்பாகும், முடி கொட்டும், உடம்பு ஊதும், எந்நேரமும் அசதியாக இருக்கும். பருவ வயதில் ஹார்மோன் பெருகும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். முகத்தில் பரு வரும். அது அழுக்கால் வருவதில்லை, பருவத்தால் வருவது. பருமனான சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்து கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. எத்தனை தேய்த்துக் குளிப்பாட்டினாலும் அது போகாது. பெரும்பாலும் இன்சுலின் என்ற ஹார்மோன் அளவுக்கு மேல் சுரப்பதன் அடையாளம் அது. அந்தப் பிள்ளையைத் திட்டாமல், நீரிழிவு வருமா என்று சோதித்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அட்ரினல் சுரப்பி கெட்டுப்போனால் அடிசன் நோய் வரும். உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கருக்கும். உடல் இளைக்கும், இரத்த அழுத்தம் விழும். அந்தச் சுரப்பியைக் கெடுப்பது பல சமயம் யார் என்றால், நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே! வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்தக் கதைக்குச் சற்று நேரத்தில் வருவோம்.

விடை கிடைத்தது

இவ்வளவு செய்தும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரமான ஆசிரியப் பதவி கொடுக்கவில்லை. தம் உழைப்பின் புகழைத் தட்டிக் கேட்டு வாங்கும் சுபாவமும் அவருக்கு இல்லை. 1940இல் அங்கிருந்து விலகி, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து, ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

இந்த இடத்தில் ஒரு முன்கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, துணியாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த சத்து என்னவென்று அன்று தெரியவில்லை. அதுதான் ஃபோலிக் அமிலம். கீரையில் நிறைய இருக்கும். சுப்பாராவின் குழுவினர் அதைத் தனியே பிரித்து, 1945இல் ஆராய்ச்சிக் கூடத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டினார்கள்.

அந்த மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குத் தெரியுமா? கியூபா முதலிய நாடுகளில் ஸ்ப்ரூ நோயால் வாடியவர்களுக்கு. அவர்களுக்கு இரத்தம் ஊறியது. நாக்குப் புண் ஆறியது. சாப்பாட்டு ஆசை திரும்பியது. சகோதரர்களைப் பறிகொடுத்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் தேடிப் போன விடை கைக்கு வந்துவிட்டது.

அதோடும் முடியவில்லை. அதே கூடத்தில், அவர் அழைத்து வந்த பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியல் அறிஞர் மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து பிறந்த மருந்து 1948இல் வெளிவந்த ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. இன்று ஸ்ப்ரூ நோய்க்கு டாக்டர்கள் கொடுப்பவை இரண்டு: ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் வகை மருந்தும். இரண்டுமே அவர் தலைமையில் நடந்த வேலையின் பலன். கடுமையான முகப்பருவுக்கு இன்று டாக்டர் எழுதித் தரும் மாத்திரையும் பல சமயம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

யானைக்கால் நோய்க்கு எதிரான ஹெட்ராசான் மருந்தும் 1947இல் அவருடைய கூடத்தில்தான் பிறந்தது. கொசுவால் பரவி, காலை வீங்க வைத்து, தோலை யானைத் தோல்போல் தடிக்க வைக்கும் அந்நோயின் புழு வகைகளில் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே உண்டு: புருஜியா மலாயி. மலாயாவின் நோயாளிகளை ஒரு நாளும் பார்த்திராத மனிதர், மலாயாவின் நோய்க்கும் சேர்த்து மருந்து தந்தார்.

வேலியே பயிரை மேய்ந்தால்

ஃபோலிக் அமிலம் உயிரணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய சத்து. அப்படியானால், பெருகக் கூடாதது பெருகும்போது அந்தச் சத்தைத் தடுத்தால் என்ன? போஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த டாக்டர் சிட்னி ஃபார்பர் இப்படி யோசித்தார். சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து உயிரணுவை ஏமாற்றும் அமினோப்டெரின் என்ற பொருளைச் செய்து கொடுத்தது. ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேருக்கு நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அந்தத் தணிவு தற்காலிகமானதுதான். ஆனாலும் அதுவரை வாரக்கணக்கில் நாளை எண்ணிக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு முதல் வெளிச்சம் அதுதான். புற்றுநோய்க்கு இன்று தரப்படும் மருந்துச் சிகிச்சையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட். அதுவும் லெடர்லியில் பிறந்ததே.

இப்போது தோலுக்கு வருவோம். 1951இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கப்னர் என்ற டாக்டர் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துக்கொண்டிருந்தார். நோயாளிகளில் சிலருக்குத் தோலில் சொரியாசிஸும் இருந்தது. மூட்டுக்காகக் கொடுத்த மருந்தில் தோலும் சுத்தமாகத் தொடங்கியது! எதிர்பாராமல் கிடைத்த இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு, பாதுகாப்பு அதிகமான மெத்தோட்ரெக்சேட்டைச் சொரியாசிஸுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1988இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதை மூட்டுவாதத்துக்கும் அனுமதித்தது. இன்று உலகமெங்கும் அது இந்த நோய்களுக்கு முக்கிய மருந்து.

சொரியாசிஸ் என்றால் என்ன? நம் தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய அணு உதிரும், புதியது கீழிருந்து மேலே வரும். நமக்குத் தெரியாமலே நடக்கும் வேலை இது. சொரியாசிஸில் அந்த ஒரு மாத வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் அணுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளிச் செதிலாகிறது. முழங்கை, முழங்கால், தலை, முதுகு ஆகிய இடங்களில் அதிகம் தெரியும். இந்த அவசரத்துக்குக் காரணம் எதிர்ப்புச் சக்தி. கிருமியே இல்லாத இடத்தில் கிருமி வந்துவிட்டதாக எண்ணி அது ஓயாமல் சண்டை போடுகிறது. கிருமியே காரணமில்லை என்றால் எப்படி ஒட்டும்? ஒட்டவே ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது, கை கொடுத்தாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

வெண்படையும் இதே வகைதான். தோலுக்கு நிறம் தரும் அணுக்களை எதிர்ப்புச் சக்தி அழித்துவிடுகிறது. அந்த இடம் வெளுக்கிறது. அது குஷ்டம் இல்லை. லூப்பஸ் என்று ஒரு நோய் உண்டு. மூக்கின் இரு பக்கமும் பட்டாம்பூச்சி இறக்கை விரித்ததுபோல் முகம் சிவக்கும். வெயில் பட்டால் அதிகமாகும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது பெண்களுக்கே, அதிலும் பிள்ளைபெறும் வயதிலுள்ளவர்களுக்கே மிகுதியாக வருகிறது. பெண்ணின் ஹார்மோன்களுக்கும் அதில் பங்குண்டு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டு வீங்கும். இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவே தோலில் தெரிவதைத் தோலோடு நிறுத்திவிடக் கூடாது. முழு உடம்பையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் பலமான மருந்து. சொரியாசிஸுக்கும் மூட்டுவாதத்துக்கும் அதை வாரம் ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஈரலும் இரத்தமும் எப்படி இருக்கின்றன என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். அதன் தொல்லைகளைக் குறைக்க டாக்டர்கள் கூடவே ஃபோலிக் அமிலமும் கொடுப்பார்கள். ஒரே மனிதரின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த பூட்டும் சாவியும் ஒரே நோயாளியின் கையில்! அதேபோல, வெள்ளையாக்கும், அரிப்பு நிறுத்தும் என்று பெயர் தெரியாத கிரீம்களைச் சந்தையில் வாங்கிப் பூசாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதுவும் ஒரு ஹார்மோன் வகைதான். முதலில் குணமானதுபோல் காட்டி, பிறகு தோலை மெலிய வைத்து, நிறுத்தினால் நோயை முன்னைவிட மோசமாக்கிவிடும்.

திரும்பி வரவில்லை

இத்தனை பேருக்கு வாழ்வு தந்தவரின் சொந்த வாழ்வு எப்படி இருந்தது? சில ஆண்டுகளில் திரும்பிவிடுவேன் என்று மனைவி சேஷகிரியிடம் சொல்லிப் புறப்பட்டவர், கடைசி வரை ஊர் திரும்பவில்லை. தாயின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் மறுபடி பார்க்கவில்லை. வீட்டாரின் பக்கம் நின்று பார்த்தால் அது பெரிய கொடுமை. அதை மறைத்துப் புகழ்வது நியாயமாகாது. ஒரு பெரிய காரியத்துக்கு யாரோ ஒரு பெண் வாசலில் காத்திருந்தே விலை கொடுத்திருக்கிறார் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1948 ஆகஸ்டில் ஓர் இரவு தூக்கத்திலேயே மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது வயது 53. ஃபார்பரின் குழந்தைகளைப் பற்றிய செய்தி வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மெத்தோட்ரெக்சேட் சொரியாசிஸ் நோயாளிகளின் தோலைத் தெளிய வைப்பதை அவர் பார்க்கவில்லை. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1995இல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆனாலும் இன்று கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக்கில் வாங்கிக்கொண்டு போகும் ஃபோலிக் அமில மாத்திரையில் அவர் இருக்கிறார். சொரியாசிஸ் தணிந்து, வெகு நாளைக்குப் பிறகு அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போகிறவரின் மகிழ்ச்சியில் அவர் இருக்கிறார்.

மாணவ மணிகளே! இந்தத் தடவை பரிசு கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம், அடுத்த தேர்வுக்கு இன்றிரவே உட்காருங்கள். உங்கள் வகுப்பில் தோலில் திட்டு உள்ள தோழனோ தோழியோ இருந்தால், நாளைக் காலையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெற்றோர்களே! பிள்ளையின் தோலில் மாற்றம் கண்டால் ஒளித்து வைக்காமல், மந்திரிக்கவும் ஓடாமல், அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சுப்பாராவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதைவிட வேறில்லை.